கண்ணாடித் திரையும் கல்விப் பலகையும்

அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தேறிச் சென்று, கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் பணிபுரியும் மாணவி ஒருத்தி, சிறுமியாய் என்னிடம் ஓதியவள், ஒரு நாள் வினவினாள்: “ஹஜ்ரத், போகும் வழியில் கைப்பேசியில் யாஸீன் ஓதுகிறேன். பேருந்தில் ஒளூச் செய்ய வழியில்லை. திரையைத் தொடலாமா?”

கூடாதென்றால் அவளுடைய ஓதல் அன்றே நின்றுபோகும். தொடலாம் என்றே இக்கால ஆலிம்கள் பலர் கூறியுள்ளனர். அணைத்தால் மறைந்துவிடுவது எங்ஙனம் முஸ்ஹபாகும் என்பது அவர்கள் காட்டும் காரணம். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். நாம் ஓதிய மரப்பலகை குறுக்கே வந்து நின்றது. மையால் எழுதுவோம், பாடமானதும் கழுவுவோம், மறுநாள் வேறு ஆயத்து. அழிவதெல்லாம் எழுத்தன்று எனின் அதுவும் எழுத்தன்றே! ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் ‘மின்ஹாஜ்’ நூலில், ஓதிப் படிப்பதற்காக எழுதப்பட்ட பலகைக்கும் முஸ்ஹபின் சட்டமே உண்டு என்பதையே வலுவான கருத்தாகக் கொள்கிறார்கள்.

அப்படியாயின் திரையில் நிற்பதுதான் யாது? 1888இல் ரைனிட்ஸர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலார், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்று இருமுறை உருகக் கண்டார். முதலில் கலங்கிய நீர்மம். சூடு மிகுந்தபின் தெளிந்த நீர்மம். அக்கலங்கல் நிலைக்கே திரவப் படிகம் என்று பெயராயிற்று. நீர்போல் ஓடும், எனினும் அதன் மூலக்கூறுகள் தொழுகை ஸஃப்பில் நிற்போர்போல் ஒரு திசை நோக்கி நிற்கும். நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரில், இராமன் ஆய்வு நிலையத்தில், எஸ். சந்திரசேகரும் அவர்தம் குழுவினரும் தட்டு வடிவ மூலக்கூறுகளிலும் இந்நிலை உண்டென 1977இல் கண்டனர். பக்கத்திலிருந்து பார்ப்போர்க்கும் திரை தெளிவாய்த் தெரிய உதவும் மென்படலங்கள் பின்னாளில் அவ்வகைப் பொருளால் செய்யப்பட்டன.

இரு கண்ணாடிகளுக்கிடையே அப்படிகத்தை அடைத்து மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் திசை மாறுகின்றன; பின்னாலிருந்து வரும் ஒளி அவ்விடத்தில் தடைபடுகிறது. ஒளி வராத அந்த இடமே நம் கண்ணுக்கு அலிஃப். (புதிய கைப்பேசிகள் பலவற்றில் படிகமே இல்லை, கரிமச் சேர்மங்கள் தாமே ஒளிர்கின்றன.) வெறும் நிழல்தானே என்பீர்கள். பலகையில் மை கறுத்துத் தோன்றுவதும் அங்கிருந்து ஒளி திரும்பாமையால் அன்றோ?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒளூ இல்லாதவர் முஸ்ஹபின் ஏட்டைக் குச்சியால் புரட்டலாம் என்று அதே நவவி இமாம் இடந்தருகிறார்கள். கண்ணாடியோ குச்சியை அறியாது. அதன்மேல் படிந்துள்ள, இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்ஸைடுப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். மின்கடத்தியாகிய மனித விரல் நெருங்கினாலே அதன் மின்புலம் மாறும். உலர்ந்த மரத்துக்கு அவ்வியல்பில்லை. விரலே வேண்டும்.

எனவே, எழுத்தின் மூலப்பொருளை ஆராய்ந்து இவ்வினாவைத் தீர்க்க இயலாது என்பது என் முடிவு. மின்ஹாஜின் சொல்லையே திரும்ப நோக்கினேன்: ஓதிப் படிப்பதற்காக எழுதப்பட்டது. நோக்கமே அளவுகோல். அவளுடைய கைப்பேசி சம்பளக் கணக்குக்கும் ஆனது, அன்னையோடு உரையாடவும் ஆனது. ஆதலால் தொடலாம் என்றேன். அணைத்தால் மறையும் என்பதற்காக அன்று. குழாய் அருகிருக்கும் நான் மட்டும் ஒளூச் செய்துகொண்டே தொடுகிறேன்.

அவள் சற்றே யோசித்தாள். “ஹஜ்ரத், யாஸீனைத் திறக்கும்போது ஓதும் நிய்யத்தோடுதானே திறக்கிறேன்? அந்நேரத்துக்கு அது பலகை ஆகிவிடாதா?”

மின்ஹாஜின் விரிவுரைகளை மீண்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அதுவரை ஓதுவதை நிறுத்தாதே அம்மா என்று சொல்லியனுப்பினேன்.