மண் சொல்லும் சாட்சியம்

பாலாற்றங்கரையில் வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை எங்கோ ஓரிடத்தில் மண் தோண்டப்படாத நாளில்லை. சாலை விரிகிறது, பாதாளச் சாக்கடை இறங்குகிறது, தொழிற்கூடங்களுக்கு அடித்தளம் இடப்படுகிறது. இவை யாவும் வாழ்வோருக்குத் தேவையே. ஆயினும், கட்டுவதற்கு முன் அம்மண்ணில் உறங்குவதை அறிந்து பதிவு செய்யும் கடமை நமக்கு உண்டா?

திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழாய்வு நடத்தியது. புதிய கற்கால மக்கள் வாழ்ந்த குழிவீடுகளும், கொள்ளு, பச்சைப்பயறு ஆகியவற்றின் கருகிய மணிகளும் வெளிப்பட்டன. அம்மக்களின் பெயரை நாம் அறியோம். அவர்கள் உண்டதை அறிவோம். மண் அன்றி வேறெவர் இதைச் சொல்லியிருக்கக் கூடும்?

அரசர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. தோல் பதனிட்டோருக்கும் பானை வனைந்தோருக்கும் மண்ணடுக்கே ஏடு. அந்த ஏட்டை ஒருமுறைதான் படிக்க முடியும். அகழ்பவரும் படித்தபடியே அதைக் கலைக்கிறார்; ஆகவேதான் ஒவ்வோர் அடுக்கையும் அளந்து, வரைந்து, எழுதி வைக்கிறார். மண்வாரி இயந்திரமோ படியாமலே கிழித்தெறிகிறது. 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வேண்டும். வேலூர்க் கோட்டைக்கு வாய்த்த இக்காவல், அதற்கப்பால் உள்ள உழைப்பாளர் தெருக்களுக்கு வாய்க்கவில்லை.

வாழ்வோரின் வயிறு காத்திருக்க, மாண்டோரின் ஓட்டாஞ்சில்லுகளுக்கு நாள் ஒதுக்குவதா என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வியே. இங்கிலாந்தின் பழைய நகரமான யார்க்கில், காப்பர்கேட் தெருவில் வணிக வளாகம் எழுவதற்கு முன், 1976 முதல் 1981 வரை அகழ்ந்தனர். மரக்கிண்ணம் கடைந்தோரும் காலணி தைத்தோரும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விட்டுச்சென்றவை ஈரமண்ணில் அழியாமல் கிடைத்தன. வளாகமும் பின்னர் எழுந்தது. எல்லா இடத்துக்கும் ஐந்தாண்டு வேண்டியதில்லை. சில இடங்களில் சில நாள்களே போதும்.

செலவை யார் ஏற்பது? தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் இரு நெறிகளை ஏற்றது: தீங்கை முன்னரே உணர்ந்து தடுத்தல் வேண்டும், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும். நம் ஆற்றங்கரையில் பிறந்த இந்நீதி மண்ணின் நினைவுக்கும் பொருந்துமன்றோ? கட்டி ஆதாயம் பெறுபவர் முன்னாய்வின் செலவைத் தாங்குவதே முறை.

நவம்பர் 2 அன்று இறந்தோர்க்காக மெழுகுதிரி ஏற்றும் நாம் இதை நம் பங்குகளிலிருந்தே தொடங்கலாம். பழைய ஆலயத்தை இடிக்குமுன் அதை அளந்து, படமெடுத்து, கல்லறைக் கற்களின் எழுத்துகளைப் படியெடுத்து வைப்போம். அடித்தளத்தில் பழம்பொருள் தென்பட்டால் வேலையை நிறுத்தி அரசுக்கு அறிவிப்போம். பெயர் பொறிக்கப்படாத எளியோரையும் இறைவன் பெயர் சொல்லி அறிவார் என்பது நம் விசுவாசம். அவர்கள் விட்டுச்சென்ற ஒரே சாட்சியத்தைக் கேளாமலே காங்கிரீட்டால் மூடிவிடுதல் அந்த விசுவாசத்துக்கு அழகன்று.