திருவாசியில் எழுந்த கேள்வி

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் எந்த சிஸ்டருக்கும் இந்த அலறல் புதிதல்ல. வென்ஃப்ளான் போடக் கையைப் பிடிக்கும்போது நாலு வயதுப் பிள்ளை கத்தும்: “இனிமே சேட்டை பண்ண மாட்டேன், ஊசி வேணாம்!” அழுகையோடு அழுகையாக அது போய்விடும், யாரும் நின்று கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் முழுச் சமயக் கொள்கையே அடங்கியிருக்கிறது. வலி வந்தால் அது தண்டனை. தண்டனை என்றால் தப்பு நடந்திருக்கிறது. தப்பு செய்தது நான்தான். கெஞ்சினால் விட்டுவிடுவார்கள். இதை எந்தக் குருக்களும் பாதிரியாரும் ஹஸ்ரத்தும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சோறு ஊட்டும்போது வீட்டில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். “இந்த ஒரு வாய் வாங்கலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்” என்று பாசத்தோடு விடுத்த மிரட்டல், ஒரு நாள் 103 டிகிரி காய்ச்சலில் உண்மையாகவே நடந்துவிடுகிறது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, குழந்தைகளின் நீதியுணர்வைப் பற்றி 1932-இல் வெளியிட்ட நூலில், சிறுவர்களிடம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டதை எழுதியிருக்கிறார். ஒரு பையன் ஆப்பிள் திருடுகிறான். ஓடிவரும் வழியில் உளுத்துப்போன பாலம் முறிந்து தண்ணீருக்குள் விழுகிறான். அவன் திருடாமல் இருந்திருந்தால் பாலம் முறிந்திருக்குமா? சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர் முறிந்திருக்காது என்றார்கள். வயது கூடக் கூட அந்தப் பதில் குறைந்தது. பலகை உளுத்திருந்தது என்பது சின்னவர்களின் கணக்கிலேயே வரவில்லை. அந்த வயதுக்கு அது இயல்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நிற்கும் பெரியவர்களும் பல நேரம் அதே பாலத்தின் மேல்தான் நிற்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கேள்விகளையும் கொண்டுவருகிறார்கள். உச்சிவெயிலில் எங்கேயாவது தூக்கிக்கொண்டு போனீர்களா? யார் கண் பட்டது? குலசாமிக்கு முடி இறக்கியாயிற்றா? ஒரு பெரியம்மா, யார் செய்த பாவமோ என்று பெருமூச்சு விடுவார். இரவெல்லாம் தூங்காத தாய், கடைசியில் அதைத் தானே ஏற்றுக்கொள்கிறாள்: “நான் செஞ்ச பாவம் எம்புள்ள தலையில விடிஞ்சிருச்சு.” இதையெல்லாம் போர்வைக்குள் கண்ணை மூடிக்கிடக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. அம்மா அழுவதற்குக் காரணம் நான்தான் என்று ஒரு தப்பையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

டெங்குவையே எடுத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டுக் குழந்தைகள் வார்டுகளை நிரப்பும் காய்ச்சல் அது. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். மூடாத டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் டயர் எல்லாம் அதற்குப் போதும். முதல் சில நாள் காய்ச்சல் கொதிக்கும், பிறகு இறங்கும். சாமி கண் திறந்துவிட்டது என்று வீடு மூச்சு விடுகிற அந்த நேரத்தில்தான் ஆபத்து தொடங்கலாம். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, வயிறு வலித்து, கைகால் சில்லிட்டு, நாடி தளர்ந்து பிள்ளை துவண்டுபோகக்கூடும். வைரஸை நேரே கொல்லும் மருந்து இல்லை. அளந்து டிரிப்ஸ் ஏற்றுவதும், நாடியையும் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரின் அளவையும் ரத்தத்தின் கெட்டித்தன்மையையும் விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பதும்தான் வைத்தியம்.

இதில் பிள்ளையின் சேட்டைக்கு எங்கே இடம்? தாயின் பாவத்துக்குத்தான் எங்கே இடம்? வாரத்துக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில், டிரம்மில் பிடித்து வைக்காமல் எந்தக் குடும்பமும் இருக்க முடியாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் நகராட்சி அலுவலகம்.

நோயை வினையோடு முடிச்சுப் போடுவதுதான் நம் மரபு என்று நினைப்பவர்கள் மரபை முழுக்கப் பார்க்கவில்லை. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஆனால் மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளிலும் ஊழைப் பற்றிய பேச்சே இல்லை. வாதம் முதலான மூன்றும் மிகுவதும் குறைவதும், அளவறிந்து உண்பதும், நோயின் காரணத்தைத் தேடித் தீர்ப்பதும்தான் பேச்சு. உரையெழுதிய பரிமேலழகர் வினையை உறுதியாக நம்பியவர். அவர்கூட, பழவினையால் வரும் நோய், பிற காரணங்களால் வரும் நோய் என்று இரண்டாகப் பிரித்து, முன்னதை ஒதுக்கிவிட்டுப் பின்னதற்கே இந்த அதிகாரம் என்கிறார். கட்டிலில் கிடக்கும் பிள்ளையின் காய்ச்சல் எந்த வகை என்று யாரால் சொல்ல முடியும்? தீரக்கூடியது என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதைத் தவிர, வினையை நம்புகிறவருக்கும் வேறு வழியில்லை.

புத்தர் இன்னும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற துறவி, மனிதர் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா என்று கேட்கிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடியது, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்று ஏழு காரணங்களைச் சொல்லிவிட்டு எட்டாவதாகத்தான் வினையைச் சொல்கிறார் புத்தர். எல்லாவற்றையும் வினைமேல் போடுவது தவறு என்றும் முடிக்கிறார். யோவான் நற்செய்தியில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டிச் சீடர்கள் கேட்கிறார்கள்: பாவம் செய்தது இவரா, பெற்றோரா? இருவரும் இல்லை என்கிறார் இயேசு. கடவுளின் செயல் வெளிப்படவே இப்படி என்று தொடரும் அடுத்த வாக்கியம் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஆனாலும் முதல் வேலையாகக் குற்றச்சாட்டு தள்ளுபடியாகிவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விடத் துணிச்சலான பதில் திருச்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. இன்று திருவாசி என்று அழைக்கப்படும் திருப்பாச்சிலாச்சிராமம். சிற்றரசன் கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் என்னும் நோய். செய்யாத வைத்தியம் இல்லை. கடைசியில் தகப்பன் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து கோயிலிலேயே கிடத்திவிட்டான் என்கிறது பெரியபுராணம். ஐ.சி.யூ. வாசலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடும் தகப்பன்களைப் பார்த்தவர்களுக்கு மழவனைப் புரியும். அங்கே ஞானசம்பந்தர் வருகிறார். வழிவழிக் கதையின்படி அவரும் பிள்ளைதான். அந்தப் பெண் என்ன பிழை செய்தாள் என்று அவர் விசாரிக்கவில்லை. மழவனின் முன்வினையைக் கணக்குப் பார்க்கவும் இல்லை. சிவனைப் பார்த்துத்தான் கேட்கிறார். பதிகம் நெடுக, இறைவனின் அழகையும் பெருமையையும் சொல்லிச் சொல்லி, இந்தப் பெண்ணை இப்படி வாடவிடுவது அந்தப் பெருமைக்கு அடுக்குமா என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப வைக்கிறார்.

ஏழாம் நூற்றாண்டில் ஒரு பக்தர் கடவுளைக் கூண்டில் ஏற்றி, நோயாளியை விடுவிக்கிறார். அப்படிக் கேட்டது நிந்தனை என்று யாரும் தள்ளிவைக்கவில்லை. திருமுறையில் வைத்துப் பாடுகிறார்கள்.

மழவனின் மகள் எழுந்து நடந்தாள். வார்டுகளில் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நடப்பதில்லை. மூளைக்காய்ச்சலிலும் ரத்தத்தில் பரவிய கிருமியிலும், நல்ல வைத்தியம் கிடைத்தும் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. பிழைத்தால் அது புண்ணியத்தின் பலன் என்று ஒரு வீட்டில் சொல்லும்போது, பக்கத்துக் கட்டிலின் தாய்க்குத் தீர்ப்பு எழுதப்படுகிறது. அதனால்தான் கதையின் முடிவைவிடப் பாட்டின் கேள்வி பெரியதாகிறது. பிள்ளை பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். பெற்றோருக்குக் கடவுள்மேல் கோபம் வந்தால் அதையும் பயமில்லாமல் சொல்லலாம்.

அப்பர் கதை இதற்கு மாறாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். சமணத் துறவியாக இருந்தவரைச் சூலைநோய் முறுக்கியது. திருவதிகையில் அக்கா திலகவதியாரிடம் கொண்டுவந்து சேர்த்தது. பிறகு அந்தச் சூலைக்கே என்ன கைம்மாறு செய்வேன் என்று அவர் உருகியதாகச் சேக்கிழார் பாடுகிறார். நோய் அவருக்கு அழைப்பாக இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னவர் அப்பர், நோய் அவருடையது. தன் வலிக்குத் தானே ஒரு பொருள் கண்டுகொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. நாலு வயதுப் பிள்ளையின் வலிக்குப் பெரியவர் ஒருவர் பொருள் எழுதிக் கையில் கொடுக்க முடியாது. “சாமி உன்னச் சோதிக்குது” என்று பிள்ளையிடம் சொன்னால், ஊசியோடு ஒருத்தர் இருட்டில் நிற்பதாகத்தான் அது புரிந்துகொள்ளும்.

அப்படியானால் பெரியவர்கள் செய்யக்கூடியது என்ன? மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். கூட இருப்பவர் மருத்துவத்தில் கால் பங்கு. இதை மேற்கத்திய மருத்துவமனைகள் இருபதாம் நூற்றாண்டில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டன. பிரிட்டனில் பெற்றோர் வந்து பார்க்கும் நேரத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். அம்மா வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பது காரணம். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு படம் வெளியிட்டார். இரண்டரை வயதுகூட ஆகாத லாரா என்ற சிறுமி, ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததைக் காட்டும் படம். அவள் அதிகம் அழவில்லை. முகம் மட்டும் நாளுக்கு நாள் மூடிக்கொண்டே போகிறது. படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் அமைதி என்று அவர்கள் நினைத்தது நம்பிக்கை விட்டுப்போன நிலை என்பதை அந்தப் படம் காட்டிவிட்டது. 1959-இல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கவும் சிறு குழந்தைகளோடு தாய் தங்கவும் பரிந்துரைத்தது.

நம் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கும் தாய்க்கு எந்த அறிக்கையும் தேவைப்பட்டதில்லை. அவளுக்கு ஒரு நாற்காலியும் சுத்தமான கழிப்பறையும்தான் தேவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல இடங்களில் இன்னும் சில நிமிடம்தான் உள்ளே விடுகிறார்கள். கையைக் கழுவச் செய்து, பக்கத்தில் இருக்க விடுவதை இயன்றவரை கூட்டலாம்.

ஊசி போடும்போது பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவது, தண்டனை என்ற அதன் நினைப்பை உறுதிசெய்யும் வேலை. அம்மா மடியில் நெஞ்சோடு அணைத்து உட்காரவைத்து, ஒரு கையை மட்டும் நீட்டிப் பிடித்தாலும் பல நேரங்களில் ஊசி போட முடியும். கைக்குழந்தையாக இருந்தால், ஊசிக்குச் சற்று முன் தொடங்கிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் வலி குறைகிறது. “வலிக்காது” என்ற பொய் ஒரு தடவைதான் செல்லும். “கொஞ்சம் வலிக்கும், அழலாம், அம்மா பிடிச்சுக்கிறேன்” என்பது அடுத்த தடவைக்கும் நிற்கும்.

அம்மை கண்ட வீட்டின் பழைய ஒழுக்கத்தையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு இல்லை, இளநீரும் கூழும், உரத்த குரலில் யாரும் பேசுவதில்லை. மாரியம்மன் வந்திருப்பதாக நம்பியதால், நோயுற்ற பிள்ளையை யாரும் அதட்டவில்லை, மரியாதையோடு பேசினார்கள். அந்த நம்பிக்கையால் தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தயங்கிய வீடுகளும் உண்டு. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டதற்குத் தடுப்பூசிதான் காரணம். தட்டம்மை இன்றும் நிமோனியாவாக முற்றி உயிரைக் குடிக்கிறது. வேப்பிலையைக் கட்டிலில் வைத்துக்கொள்ளட்டும். கட்டில் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும்.

வீடு திரும்பிய பிறகும் சில வாரம் பிள்ளை மாறித்தான் இருக்கும். படுக்கையை நனைக்கும், அம்மாவின் முந்தானையை விடாது, பொம்மைக்கு ஊசி போட்டு அதட்டும். அதட்டட்டும், விளையாடி விளையாடித்தான் அந்தப் பயம் வெளியேறும். இந்தச் சமயத்தில்தான் வேண்டுதலை நிறைவேற்றும் பயணமும் வருகிறது. காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தவர்கள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள், தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதட்டும் என்று மதம் பார்க்காமல் பள்ளிவாசல் வாசலில் பிள்ளையோடு நின்றவர்கள் எல்லோரும் ஒரு கடனைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அது பெற்றோரின் கடன். “சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கோ, இனிமே நல்ல பிள்ளையா இருப்பேன்னு சொல்லு” என்று பிள்ளையின் தலையை அமுக்கினால், மன்னிக்க வேண்டிய தப்பு ஒன்று இருந்ததாக அது நம்பிவிடும். மொட்டை போடும் முன்னால் எதற்கு என்று சொல்லலாம்: உனக்குக் காய்ச்சல் வந்தப்ப அம்மாவும் அப்பாவும் ரொம்பப் பயந்துட்டோம், இப்போ சந்தோஷமா இருக்கோம், அதுக்குத்தான். பிள்ளைக்குப் பதிலாகத் தகப்பனே தலையைக் கொடுத்து உட்காரும் குடும்பங்களும் உண்டு; பக்கத்தில் நின்று அப்பாவின் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையை எந்தக் குலசாமி கோயில் வாசலிலும் பார்க்கலாம்.