மலைப் படிகளில் மார்க்கம்

அல்ஹம்துலில்லாஹ்! மலைகளைப் பூமியின் முளைகளாக நாட்டிய வல்ல நாயனுக்கே எல்லாப் புகழும். அண்ணல் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



விடுமுறை வந்துவிட்டால் சேலம், நாமக்கல், திருச்சிப் பகுதிகளில் உள்ள நம் வீடுகளில் கொல்லிமலைப் பேச்சு எழுந்துவிடுகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்தால் கடல் மட்டத்திற்கு மேல் 1,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் குளிர்ந்த காற்று, மிளகுக் கொடி, காப்பித் தோட்டம், பலா மரங்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அதைக் காணச் செல்வதில் குற்றமில்லை. மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்துச் சிந்திக்கும்படி திருமறையின் 88வது அத்தியாயத்தில் அல்லாஹ்வே நம்மைத் தூண்டுகிறான்.

வண்டியில் போகும்வரை அது உல்லாசம். காலால் நடக்கத் தொடங்கும்போதுதான் சோதனை தொடங்குகிறது. ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதன் அடிக்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். இங்கோ முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம்! இறங்கும்போது எல்லோரும் வீரர்களே. பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடுகிறார்கள். குளித்து, பசித்து, கால் சோர்ந்த பிறகு அத்தனை படிகளும் தலைக்கு மேலே நிற்கின்றன. அப்போதுதான் யார் எப்படிப்பட்டவர் என்பது வெளிப்படுகிறது.

இளைஞர்கள் முன்னே ஓடிவிடுகிறார்கள். முழங்கால் வலியுள்ள தாய் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார். சர்க்கரை நோயுள்ள தந்தைக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. பையிலுள்ள வெல்லக் கட்டியும் தண்ணீரும் எங்கே? முன்னே ஓடியவரின் தோளில்! இது சிறிய விஷயமா, சகோதரர்களே? சர்க்கரை திடீரெனக் குறைந்தவருக்கு அந்த நேரத்தில் ஒரு வாய் இனிப்பு கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். மலை உச்சியை முதலில் தொட்டவன் என்ற பெயர் அந்த உயிருக்கு ஈடாகுமா?

நம் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்று பாருங்கள். படைக்கே தலைவர்; ஆயினும் வேண்டுமென்றே பின்தங்கி வருவார்கள். தளர்ந்தவரின் வாகனத்தை மெல்ல ஓட்டிவிடுவார்கள், நடக்க இயலாதவரைத் தமக்குப் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்காகப் பிரார்த்திப்பார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆக, பின்னால் வருவது பலவீனத்தின் அடையாளம் அல்ல; பலமுள்ளவனின் சுன்னத்து!

உஹது மலையை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. இரண்டு கவசங்கள் அணிந்திருந்த அண்ணலார் ஒரு பாறை மீது ஏற முயன்று இயலாமல் போயிற்று. உடனே தல்ஹா (ரலி) அவர்கள் கீழே அமர்ந்து தம் உடலையே படியாக்கினார்கள். அதன் மீது கால் வைத்து நாயகம் (ஸல்) ஏறினார்கள். தல்ஹாவுக்குச் சொர்க்கத்தின் நற்செய்தியும் கூறினார்கள். மலையில் உயர்ந்தவர் ஏறியவர் மட்டும்தானா? பிறர் ஏறக் குனிந்தவரும் உயர்ந்தவரல்லவா!

இனி, இப்பயணத்துக்குச் செல்வோர் கேட்கும் மஸ்அலாக்கள் சிலவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, மலையேறுவது கடினமாயிற்றே, கஸ்ர் செய்யலாமா என்பது. கஸ்ருக்கு அளவுகோல் களைப்பு அல்ல, தூரம். நாமக்கல்லிலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் கொல்லிமலைக்குச் செல்பவருக்கு அந்தத் தூரம் இல்லை. அவர் முழுமையாகவே தொழ வேண்டும். தொலைவிலிருந்து வருபவர் தம் மத்ஹபின் கணக்கைத் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். முஸாபிருக்கு ஷாபிஈ மத்ஹபில் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. ஹனபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது தவிர அவ்வாறு இல்லை. எனவே ளுஹரை முடித்துவிட்டுப் படியிறங்குவதும், அஸர் தவறாதபடி திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவதும் நம் கடமை.

இரண்டாவது, வுளூ. அருவியடியிலும் ஓடையிலும் ஓடும் நீர் இருக்கிறது. ஏறத் தொடங்குமுன் அங்கேயே வுளூ செய்துகொள்ளுங்கள். வழியில் வுளூ முறிந்து, கையிலுள்ள நீர் குடிப்பதற்கு மட்டுமே போதுமானது, வேறு நீரும் கிடைக்காது என்றால், தாகத்துக்கு அதை வைத்துக்கொண்டு தயம்மும் செய்யலாம். தாகித்தவர் உங்களுடன் வருபவராக இருந்தாலும் இதே சட்டம்தான். மனித உயிருக்கு ஷரீஅத் தரும் மதிப்பு இது!

மூன்றாவது, மஃரிப். அருவி இருப்பது பள்ளத்தாக்கில். அங்கே கதிரவன் மலைமுகட்டுக்குப் பின்னே சீக்கிரமே மறைந்துவிடும். அது சூரிய அஸ்தமனம் அல்ல. அதைக் கண்டு மஃரிப் தொழுதாலோ நோன்பு திறந்தாலோ செல்லாது. நேர அட்டவணையைக் கையில் வைத்திருங்கள். வளைந்து வளைந்து போகும் மலைப் பாதையில் திசையும் குழம்பும். அங்கிருந்து கிப்லா மேற்கிலிருந்து சுமார் 20 பாகை வடக்கே சாய்ந்துள்ளது.

உயிரைப் பேணுவதும் மார்க்கமே. நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்வதைத் திருமறை தடுக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத் தீக்கு இரையானதை மறக்கலாகாது. அதன் பின்னர் அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென அரசு தனி விதிகளையே வகுத்தது. ஆகவே வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுவழியில் இறங்காதீர்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர் வெட்கப்பட்டு அதை மறைக்க வேண்டாம். படி ஈரமாக இருந்தால் பாதியிலேயே திரும்புவது கோழைத்தனம் ஆகாது. அங்கு வாழும் மலையாளி மக்களின் நிலத்திலும், அவர்களின் ஆலயச் சுற்றுப்புறத்திலும் குப்பை போடாமலும் கூச்சலிடாமலும் வருவது விருந்தினரின் ஒழுக்கம்.

மேட்டில் ஏறும்போது 'அல்லாஹு அக்பர்' என்றும், பள்ளத்தில் இறங்கும்போது 'ஸுப்ஹானல்லாஹ்' என்றும் ஸஹாபாக்கள் கூறி வந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. உயரம் ஏறும்போது மனிதனுக்குத் தானே பெரியவன் என்ற எண்ணம் வரும். இல்லை, அல்லாஹ்வே பெரியவன் என்று நாவு சொல்ல வேண்டும். செருக்கோடு நடப்பவன் மலைகளின் உயரத்தை ஒருபோதும் எட்டிவிட முடியாது என்பது 17வது அத்தியாயம் தரும் எச்சரிக்கை.

ஆகவே, அடுத்த முறை அந்தப் படிகளில் ஏறும்போது குடும்பத்தில் பலமுள்ளவர் கடைசியில் நடக்கட்டும். தண்ணீரும் இனிப்பும் அவர் கையிலேயே இருக்கட்டும். தளர்ந்தவரின் நடையே அனைவரின் நடையாகட்டும்.

பலமுள்ளோருக்குப் பணிவையும், பலவீனருக்கு ஆறுதலையும், நம் அனைவருக்கும் நேரம் தவறாத தொழுகையையும் அல்லாஹ் தஆலா தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.