நாத்திகர் பிரசாரமும் நமது கடமையும்



சென்ற பௌர்ணமியன்று விக்ரோலியில் வந்தனை முடிந்தபின், வாலிபர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "ஐயா, கடவுள் இல்லை என்போர் அக்கருத்தைத் தம் மனத்தளவில் வைத்துக்கொள்ளாமல் ஊராருக்கு ஏன் உபதேசிக்கின்றனர்? மதவாதிகள் ஆள் சேர்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" என்றார். வினா நேர்மையானது. ஆதலின் விரித்துரைக்கின்றேன்.

நாத்திகர் எல்லோரும் பிரசாரம் செய்வதில்லை. நான் ஆலையில் ஸ்பின்னிங் இலாகாவில் இருந்தபோது, அடுத்த இயந்திரத்தில் நின்ற பெரியவர் எத்தெய்வத்தையும் வணங்காதவர். ஆயுத பூஜையன்று நாங்கள் இயந்திரத்திற்குப் பொட்டிடுவோம். அவர் பொரியை வாங்கி உண்டுவிட்டுச் சும்மா இருப்பார். கேட்டால் சொல்லுவார், கேளாதவரிடம் வாய் திறவார். இத்தகையோர் பலர்.

பிரசாரம் செய்தோரும் உண்டு. அவர்கள் நேற்றுத் தோன்றியவரல்லர். பகவான் புத்தர் காலத்திலேயே அஜித கேசகம்பலர் என்பார், மறுமையும் வினைப்பயனும் இல்லையென்று போதித்து மாணாக்கரைச் சேர்த்தார். தமிழகத்தில் 1882-ஆம் ஆண்டு முதல் 'தத்துவவிவேசினி' என்னும் இதழ் சென்னையிலிருந்து நாத்திகம் பேசிற்று. 1925-இல் பெரியார் ஈ.வெ.ரா. 'குடி அரசு' தொடங்கினார். கடவுளின் பெயரைச் சொல்லியன்றோ நம் முன்னோருக்குக் குளமும் தெருவும் கோயிலும் அடைக்கப்பட்டன? ஒருவன் நம்பிக்கை அவன் பூஜையறையோடு நின்றால் அதைப் பற்றிப் பிறருக்கு என்ன பேச்சு? அது வெளியே வந்து இன்னொருவன் கழுத்தை நெரிக்கும்போது, மறுத்துரைப்பது கடமையாகின்றது. நம் மகாராஷ்டிரத்தில் 1989-இல் மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கம் கண்ட டாக்டர் நரேந்திர தாபோல்கர், 2013 ஆகஸ்டு 20-ஆம் நாள் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். சொல்லால் பேசியவருக்குத் துப்பாக்கியால் விடையளித்தனர். அவ்வாண்டிலேயே அவர் பல்லாண்டு வேண்டிய சட்டம் நிறைவேறிற்று.

ஆகவே, பிறர் மனத்தை மாற்ற முயல்வது குற்றமன்று. அது குற்றமெனின் நாமும் குற்றவாளிகளே. உலகைப் படைத்த கர்த்தா ஒருவனை நம் தம்மம் ஒப்புவதில்லை. பகவான் முதல் அறுபது பிக்குகளையும் பலருடைய நன்மைக்காக ஊர் ஊராய் அனுப்பினார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் இருபத்திரண்டு உறுதிமொழிகளை நமக்கு அளித்தார். பழந்தெய்வங்களை வணங்கேன் என்பதும் அவற்றுள் ஒன்று. எனவே நாம் ஆராய வேண்டுவது, எவ்வழியில் மாற்ற முயல்கிறோம் என்பதே.

1953 மே 27-இல், புத்தர் திருநாளன்று, பெரியார் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். அது மண்ணால் செய்த உருவம். எவர் கோயிலிலிருந்தும் பெயர்த்ததன்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1958-இல் அம்மன்றம், ஒரு வகுப்பார் புனிதமெனக் கொள்ளும் பொருளை, அக்கொள்கை பகுத்தறிவுக்கு ஒத்ததாயினும் அன்றாயினும், சட்டம் காக்கும் என்றது. ஆயின் ஆண்டுகள் பல கழிந்தமையால் மேல் நடவடிக்கைக்கு உத்தரவிடவில்லை. இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிப்பர். நான் சொல்ல வந்தது என் வீட்டு வழக்கு.

தீட்சை பெற்ற புதிதில் எனக்கு ஆவேசம் மிகுதி. என் தாயார் வணங்கிய மாரியம்மன் படத்தைக் கேளாமலே எடுத்துச் சாக்கடையில் எறிந்தேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகள் விகாரையின் வாசலை அவர் மிதிக்கவில்லை. ஆலை மூடி அடுப்பெரியாத நாட்களில் அவர் அழுதது அப்படத்தின் முன்னர்தான். அவ்வழுகையைக் கேட்க மகனாகிய நான் ஒருநாளும் அருகில் அமர்ந்ததில்லை. கேட்க ஆளில்லாத துயரத்தைப் படத்தினிடம் சொன்னவரிடமிருந்து படத்தையும் பறித்தேன். இதுவா பகுத்தறிவு?

உபாலி என்னும் செல்வரின் வரலாற்றைக் கேளுங்கள். நிகண்டரின் சீடராகிய அவர், நாளந்தாவில் பகவானை வாதில் வெல்ல வந்து, தெளிவடைந்து, தம்மை உபாசகனாக ஏற்குமாறு வேண்டினார். பகவான் அவசரப்படவில்லை. நன்கு ஆராய்ந்து முடிவு செய்யுமாறு கூறினார். உம் வீடு நெடுங்காலம் நிகண்டர்க்கு உணவளித்தது, இனியும் அவர்கள் வந்தால் அளிப்பீராக என்றும் பணித்தார். மாற்றாரின் சோற்றையும் காத்த பிரசாரம் இது! நம் மணிமேகலையும் வஞ்சி நகரில் பல சமயத்தார் கூற்றையும் பொறுமையுடன் கேட்டாள். கண்டதே மெய்யென்ற பூதவாதியையும் கேட்டாள்; நகைத்து, உன் தாய் தந்தையரை அநுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று ஒரு வினாவால் மடக்கினாள். கையை ஓங்கவில்லை.

ஆதலின் வாலிபரே, நாத்திகராயினும் ஆத்திகராயினும் நாமாயினும் ஒரே அளவுகோல்தான். பேசுபவர் எதிருரையைக் கேட்கச் சித்தமாயிருக்கிறாரா? ஒப்பாதவர் தம் சோறும் மதிப்பும் இழவாமல் எழுந்து செல்லலாமா? இவ்விரண்டும் உண்டெனில் அது உபதேசம், இல்லையெனில் பலாத்காரம்.

பின்னர் ஒருநாள் என் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவ்வாண்டு வைசாகப் பௌர்ணமியன்று அவர் தாமே வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். இன்றும் வருகிறார். மாரியம்மனை விட்டாரா என்று நான் கேட்கவில்லை.

நமோ புத்தாய! ஜெய் பீம்!