கண்காணிப்பும் கருணையும்

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிசெய்வோரையும் ஒரு கூறாக வைத்தார். மருந்து நோயாளியைச் சென்றடைவது அவர்தம் கைவழியே அன்றோ? அக்கையே நோயையும் கொண்டுசேர்க்குமாயின், பழி யாரைச் சாரும்?

இவ்வினா நமக்கு அயலானதன்று. 1998இல் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் தோன்றிய மூளைக்காய்ச்சலை முதலில் கொசுவால் பரவுவதென்றே கருதினர். 1999இல்தான் அது நிப்பா என்னும் புதிய நச்சுயிரியால் விளைந்தது எனத் தெளிந்தனர். நம் நாட்டில் 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். இங்கு அது பெரும்பாலும் பன்றிகளிடமிருந்தே மனிதரைத் தொற்றியது. 2001இல் மேற்கு வங்கத்துச் சிலிகுரியிலோ, நிப்பா மருத்துவமனைக்குள்ளேயே பரவிப் பணியாளரையும் பார்க்க வந்தோரையும் பற்றியது. அவர்கள் அன்பில் குறைந்தவரல்லர். அன்பு மட்டுமே காப்பாகாது என்பதே உண்மை.

1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிள்ளை பெற்ற தாய்மாரின் இறப்பை எண்ணிப் பார்த்தார். பிணஅறையிலிருந்து வருவோர் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டுமென விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூனில் இரண்டளவாயிற்று. ஆயினும், தம் கையே கூற்றாயிற்று என்பதை ஏற்க மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை.

கைகழுவுதல் புகழ் தராத அறம். வராத நோய்க்கு நன்றி சொல்வார் இலர். ஆதலின் கண்காணிப்பு வேண்டும். தோட்டத்து மக்களாகிய நமக்கு அச்சொல் கசக்கலாம். கண்காணியே கங்காணி ஆனார். பெரட்டில் அவர் ஆளெண்ணியது துரையின் வருவாய்க்காக. மருத்துவமனையில் காய்ச்சலையும் சீழ்பிடித்த புண்ணையும் எண்ணுவது எளியோரின் உயிருக்காக. எண்ணுவோரைத் தண்டித்தால் ஏட்டில் நோய் குறையும்; படுக்கையில் குறையாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பிள்ளைகள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், பால்மரம் வெட்டிய முதியோர் சிலர் இன்று பராமரிப்பு இல்லங்களில் வாழ்கின்றனர். “கைகழுவினீரா?” என்று கேட்கும் வலிமை, படுக்கையிற் கிடக்கும் மூதாட்டிக்கு ஏது? பார்க்கச் செல்லும் நாம் முதலில் நம் கையைக் கழுவுவோம். பின்னர் அவர்பொருட்டு அவ்வினாவைப் பணிவோடு கேட்போம்.