கோபுரமும் கிடங்கும்

திருவனந்தபுரத்தில் கரமனையாறு திருவல்லம் தாண்டிக் கடலில் கலக்கும் பொழிமுகத்தின் வடக்கிலும் தெற்கிலும் பூந்துறை, விழிஞ்ஞம் எனக் கத்தோலிக்க மீனவர் ஊர்கள் உண்டு. நெருக்கியடித்த வீடுகளுக்கு மேலே ஓங்கித் தெரிவது கோயில்தான். மீன் விற்ற காசு சேர்ந்துதான் அது எழுந்தது. இத்தனை வறுமைக்கு நடுவே இத்தனை அழகு எதற்கு என்று பார்ப்பவர்கள் கேட்பதுண்டு.

நல்ல மனத்தோடு கேட்கும் கேள்விதான். ஆனால் ஏழைக்குச் சோறும் கூரையும் போதும், அழகெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு என்ற எண்ணமும் அதில் பதுங்கியிருக்கிறது. விடியலில் மீன் சருவத்தை வாசலில் இறக்கிவைத்து, மாதா சுரூபத்தின் பட்டுக்கரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விற்கக் கிளம்பும் பெண்ணிடம் போய் அந்தப் பட்டு வீண் செலவு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

அழகை விரும்புவதும் ஓர் ஆசைதான். புனித அகுஸ்தீனாரைப் பொறுத்தவரை, மனித ஆசை போய்ச்சேர வேண்டிய இடம் தெரியாமல் அலையும் தேடல். 2005 கிறிஸ்துமஸ் நாளிட்ட தம் முதல் சுற்றுமடலில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காதல் வேட்கையைக்கூடத் தள்ளிவைக்கவில்லை. அது தூய்மை பெற்று, பிறருக்குத் தன்னைத் தரும் அன்பாக முதிர வேண்டும் என்றார். அழகின் மீதான ஆசைக்கும் இதே உரைகல் பொருந்தும். கோயில் இசையில் தாமே மயங்கி, பாடப்படும் பொருளைவிடக் குரலில் நின்றுவிடுகிறோமோ என்று அகுஸ்தீனார் அஞ்சினார். என்றாலும் பாட்டை அவர் விலக்கிவிடவில்லை.

அஞ்ச வேண்டிய இடம் இந்தக் கரையிலும் உண்டு. கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் பழைய கிடங்குகளுக்குள் தடுப்புக் கட்டி ஆண்டுக்கணக்கில் குடியிருந்தன. பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிட நம்முடையது உயரமாக வேண்டும் என்ற ஆசை அப்போதும் எழுமானால், அது கடவுளை நோக்கிப் போகவில்லை, ஊர்ப்பெருமையோடு நின்றுவிட்டது. ஏழையின் பசியை ஆற்றிய பிறகு பீடத்தை அலங்கரி என்றார் திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தோம். மிலான் ஆயர் அம்புரோசியார் சிறைப்பட்டவர்களை மீட்கத் திருப்பாத்திரங்களையே உருக்கினார். இருவருமே அழகை வெறுத்தவர்கள் அல்லர். 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை விழிஞ்ஞம் துறைமுக வாசலில், அதன் கட்டுமானத்தை எதிர்த்துத் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டம் நடத்திய போராட்டத்தில் கிடங்குவாசிகளுக்கு வீடு கேட்டதும் இந்த மரபின் குரல்தான்.

எழுந்துவிட்ட கோபுரத்துக்காக எந்தப் பங்கும் வெட்கப்பட வேண்டாம். அடுத்த கோபுரத்துக்கு எடுத்துவைத்த பணத்தை, கடல் கொண்டுபோன வீட்டுக்காரர்களுக்குக் கூரை கிடைக்கும்வரை அந்தக் கோபுரத்துக்குச் செலவிடக் கூடாது.