யார் கழுத்து அழுக்கு?

சட்டையில் அழுக்கு எங்கே அதிகம் சேரும் என்று கேட்டால் துணி துவைக்காதவர்கள் யோசிப்பார்கள். துவைக்கிறவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். காலர் மடிப்பின் உள்பக்கம். அடுத்தது, மணிக்கட்டில் பட்டன் போடுகிற கைப்பட்டி. கழுத்தில் ஊறுகிற வியர்வை, தோலின் எண்ணெய்ப்பசை, உதிர்கிற செத்த தோல், தலையில் வைத்த தேங்காயெண்ணெய், பஸ்ஸில் ஒட்டிய புழுதி எல்லாம் ஒண்ணாக் குழைஞ்சு நூலுக்குள் இறங்கியிருக்கும். எண்ணெய் கலந்த அழுக்கு என்பதால் வெறும் தண்ணிக்கு அது அசையாது. காரம் வேணும், சூடு வேணும், ஊற விடுகிற பொறுமை வேணும்.

எங்கம்மாவுக்கு இந்தப் பொறுமை இருந்தது. நாங்க பொதர வண்ணாருங்க. 'புதிரை வண்ணார்' என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதுவார்கள். சாதி இந்துக்களுக்கு வெளுக்கிற வண்ணார் வேறு. நாங்கள் சேரிக்கு வெளுத்தவர்கள். தீண்டப்படாதவர்களுக்கும் தீண்டப்படாதவர்களாக இருந்தவர்கள். இதை இந்தப் பக்கங்களில் எழுதும்போது சில தோழர்களுக்கு முகம் சுருங்கும் என்று தெரியும். சுருங்கட்டும்.

வெள்ளைச் சட்டை என்றால் அம்மா காலரை முதலில் உள்பக்கம் திருப்பிப் போடும். உவர்மண்ணைக் குழைச்சு அந்தக் கோட்டின் மேல் அப்பி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தித் தேய்க்கும். பிறகு மொத்தத் துணியையும் உவர்த்தண்ணியில் முக்கிப் பிழிஞ்சு, வெள்ளாவிப் பானை மேல் அடுக்கி மூடி, ராத்திரி பூரா அடியில் எரிக்கும். ஆவி ஏறி எண்ணெய் இளகும். விடியக்காலை கல்லில் அடிக்கும்போதும் காலரை மட்டும் ஓங்கி அடிக்காது. ஓங்கி அடிச்சா மடிப்பில் நூல் விட்டுப்போகும், அப்புறம் ஏச்சு வாங்கணும். அதுக்கப்புறம் அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு உலர்த்தணும். டெரிகாட்டன் வந்த பிறகு அதை வெள்ளாவியில் வைக்க முடியவில்லை. அந்த நூலை எண்ணெய் லேசில் விடாது. காலர் காலராகத் தனியாக சோப்பு போட்டு ஊறவைத்துத் தேய்ப்பதே ஒரு பொழுதைத் தின்றது. உவர்காரத்தில் அம்மாவின் விரல் இடுக்கு எப்போதும் வெந்துபோய்க் கிடக்கும்.

வெளுத்து மடிச்ச சட்டையைத் தலைமூட்டையில் கொண்டுபோய்க் குடுத்தா அந்தத் துணி சுத்தம். கொண்டுபோன எங்கம்மா தீட்டு. நான் கேக்க நினைக்கிற கேள்வி இதுதான். அழுக்கு யார் உடம்பிலிருந்து வந்தது? அந்தச் சட்டையைப் போட்டவன் கழுத்திலிருந்து. அதை எடுத்தவள் யார்? எங்கம்மா. அப்படியிருக்க அழுக்கை உண்டாக்கினவன் சுத்தமானவனாகவும், எடுத்தவள் அழுக்கானவளாகவும் எப்படி இடம் மாறினார்கள்? அழுக்கைக் காரத்தால் எடுத்துவிடலாம். தீட்டு எந்தக் காரத்துக்கும் போகாது. அது துணியில் இல்லை, தன் அழுக்கை இன்னொருத்தர் பேரில் எழுதி வைக்கிற ஏற்பாட்டில் இருக்கிறது. பிராமணன் இதைப் பறையரிடம் செய்தான் என்று நாம் சரியாகவே சொல்கிறோம். பறையர் இதைப் பொதர வண்ணாரிடம் செய்ததை மெதுவாகத்தான் சொல்கிறோம். சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராகப் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே வாதிட்டிருக்கிறார். படத்துக்கு மாலை போடுகிற நாம் இந்த இடத்தைத் தாண்டிப் படித்துவிடுகிறோம்.

சட்டை நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது என்பது அதில் ஒன்று. மீறின இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அந்தச் சட்டைக்காக அடிபட்டவர்கள் மேல் எனக்குள்ள மரியாதை குறையாது. அடுத்த ரெண்டு வருஷத்தில், 1932 டிசம்பரில், 'தி இந்து' நாளிதழில் இன்னொரு செய்தி வந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் புதிரை வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, அவர்களைக் கண்ணால் பார்த்தாலே தீட்டு, மற்றத் தீண்டப்படாத சாதியாரின் துணிகளை அவர்கள் ராத்திரியில்தான் வெளுக்க வேண்டும் என்று. இந்த ரெண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டை போடும் உரிமைக்கு வரலாறு எழுதியாச்சு. இருட்டில் உட்கார்ந்து வெளுத்த கைக்கு என்ன எழுதியிருக்கிறோம்? 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம்ம பக்கத்திலேயே எழுந்த கோபத்தை நினைத்துக்கொள்கிறேன். கோபப்பட்டவர்களின் சட்டையை அந்த வாரம் யார் துவைத்தார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மேடையில் நிற்கிறவரின் காலர் வெளிப்பக்கம் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். கறுத்த கோடு மடிப்புக்குள்ளே. கூட்டத்துக்கு அது தெரியாது. திருப்பிப் பார்க்கிறவள் துவைக்கிறவள் மட்டும்தான்.

'சாதித்தொழிலை விட்டுவிட வேண்டியதுதானே' என்பார்கள். விட்டாச்சு, பெரும்பாலும் விட்டாச்சு. சாயங்காலம் வீடு வீடாப் போயி வாங்கின ராச்சோறும், அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் நின்னு வாங்கின படி நெல்லும் பழங்கதை ஆகட்டும். ஆனால் நாங்கள் விட்டதால் கழுத்து வேர்க்காமல் போகிறதா? எங்களிடம் துணி போடுவதை நிறுத்தின முற்போக்கான வீடுகளில் அந்தக் காலர் இப்போது பெண்டாட்டி கைக்குப் போயிருக்கிறது. மெஷின் வாங்கின வீட்டிலும் இதே கதைதான். மற்ற இடமெல்லாம் வெளுத்து வரும், காலர் கோடு அப்படியே நிற்கும். போடுவதற்கு முன்னால் யாராவது உட்கார்ந்து வெதுவெதுப்பான தண்ணியில் நனைத்து, சோப்பு தடவி, அரைமணி நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பூப்போலத் தேய்க்கணும். அந்த 'யாராவது' ஆம்பளையாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தவர் அழுக்கை எடுப்பதே இழிவு என்று நான் சொல்லவில்லை. நர்ஸம்மா எடுக்கிறார்கள், தாய் எடுக்கிறாள். கூலிக்கு வெளுப்பதும் வேலைதான். என்னைப் பொறுத்தவரை இழிவு வேறு இடத்தில் இருக்கிறது. 'முடியாது' என்று சொல்ல முடிகிறதா? எங்கம்மாவுக்கு அந்த வார்த்தை கிடையாது. சாவு விழுந்த வீடு, பிள்ளை பெத்த வீடு, தூரத்துணி எதுவாக இருந்தாலும் ஆள் வந்து 'ஏய் வண்ணாத்தி' என்றால் எழுந்து போகணும். ஒருநாள் போகலேன்னா அன்னிக்குச் சோறு இல்லை.

2009இல் தமிழக அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. நல்லதுதான். ஆனால் வாரியத்தின் வாசலை மிதிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் எங்கள் பெயர் இருந்தும், 'வண்ணான்னா எல்லாம் வண்ணான்தானே' என்று மிகவும் பிற்படுத்தப்பட்டோர் வண்ணார் என்றே எங்கள் பிள்ளைகள் பலருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். என் தங்கை மகனுக்காக நான் ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். நான் பொதர வண்ணார்தான் என்பதற்குச் சேரியிலிருந்து யாராவது சாட்சி சொல்ல வேண்டுமாம். எங்கம்மா வெளுத்த சட்டை போட்டு வளர்ந்தவர்களில் ரெண்டு பேர் வந்தார்கள். மூணாவது ஆள், பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர், அந்தக் காலத்தையெல்லாம் ஞாபகப்படுத்தாதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தம்பி டவுனில் தேய்ப்புக்கடை வைத்திருக்கிறான். காலர் அழுக்கோடு வருகிற சட்டையை வாங்க மாட்டான். 'அழுக்கோட பெட்டி போட்டா சூட்டுல கறை நின்னுடும் சார், துவைச்சு எடுத்துட்டு வாங்க' என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். கடைக்கு வந்திருந்த அம்மா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, அந்த ஆள் தெரு முனை திரும்புகிறவரை ஒண்ணும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டது: 'ஏண்டா, திருப்பிக் குடுத்தா வாங்கிக்கிட்டா போறாங்க?'